சாக்பீஸ் கோடு

ஜெகதேவி குவாரி. சாயங்காலம் ஆறு.
காலி பக்கெட்டை ஆளுயரம் தூக்கி
எஞ்சினை அணைத்தார் ஆபரேட்டர் சென்னகேசவன்.
கீழே எவரும் போகாதிருக்கக் கயிறு கட்டிவிட்டு
குரோம் தண்டில், சிலிண்டர் வாய்க்கு நாலு விரல் தள்ளி
எச்சில் தொட்ட சாக்பீஸால்
ஒரு கோடு போட்டேன்.

காலையில் கோடு இல்லை.
வைப்பர் துடைத்து விழுங்கியிருந்தது.
பக்கெட் இடுப்புயரத்தில் தொங்குகிறது.
மண்ணில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது.

"வெளியே ஒழுகலையே" என்றார் நஞ்சா ரெட்டி.
"உள்ளே ஒழுகுது" என்றேன்,
பன்னிரண்டு வருஷத் தொழில் நாக்கில் நிற்க.

இது இரண்டு பக்கமும் வேலை செய்கிற சிலிண்டர்.
பிஸ்டனுக்குப் பின்னால் எண்ணெய் ஏறினால் தள்ளும்,
முன்னால் ஏறினால் இழுக்கும்.
தள்ளும்போது பலம், நிதானம்.
இழுக்கும்போது வேகம், பலம் கம்மி;
முன்னறையில் பாதியைத் தண்டே
அடைத்துக்கொண்டு நிற்கிறதல்லவா.

டிப்பரில் இருப்பது வேறு ரகம்.
குழாய்க்குள் குழாயாக ஐந்தடுக்கு.
எண்ணெய் ஏற்றிவிடும், அவ்வளவுதான்;
இறங்குவது சொந்த எடையில்.
எம்-சாண்ட் கொட்டிவிட்டு, தொட்டியை இறக்க மறந்து,
பெங்களூரு என்று எழுதிய பச்சைப் பலகையையே
அள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தான் ஒருத்தன்.

ஓசூர் கம்பெனி பிரஸ்ஸில்
நாலு மூலைக்கு நாலு நீள போல்ட்
இழுத்துக் கட்டிய சிலிண்டர் இருக்கும்.
கழற்றலாம், மாட்டலாம், கை அழுக்காகாது.
குவாரிக்கு அது ஒரு மாசம் தாங்காது.
இங்கே அடிமூடியை வெல்டு வைத்து
இரும்பே ஒரே உடம்பாக வேண்டும்.

பூமைத் தரையில் இறக்கி வைத்து
இரண்டு சிலிண்டரையும் சின்ன யானையில் ஏற்றி
ராயக்கோட்டை ரோட்டுப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன்.
சீல் கிட் இரண்டு. ஒன்பதாயிரத்து அறுநூறு.
பழைய சீல் கையில் வந்தது,
உதடு நறுங்காமல், கோடு விழாமல், புதுசு மாதிரி.
கவனித்தேன்.
சொல்லவில்லை.

மாட்டினேன். மறுபடி ஆறு மணி, மறுபடி கோடு.
காலையில் அதே நாலு விரல் காணோம்.
நஞ்சா ரெட்டி ஒன்றும் கேட்கவில்லை.
டீ வாங்கிக் கொடுத்தார்.
அதுதான் தாங்கவில்லை.

டீ ஆறும்வரை தண்டையே பார்த்தேன்.
உள்ளே வருகிறது என்றால்
தன் பருமனுக்கு இடம் கேட்கிறது.
இரண்டு வழியும் அடைத்திருந்தால்
பிஸ்டனில் சீலே இல்லாவிட்டாலும்
எண்ணெய் இந்த அறைக்கும் அந்த அறைக்கும்
புழங்கலாம், அழுத்தம் ஏறலாம்;
வீட்டை விட்டு வெளியேறாமல்
தண்டுக்கு இடம் பிறக்காது.
ஆக, வெளியேறியிருக்கிறது.
மண்ணுக்கு வரவில்லை, டேங்குக்குத் திரும்பியிருக்கிறது.
எவனோ கதவைச் சரியாகச் சாத்தவில்லை.
முதல் வருஷமே தெரிந்த கணக்கு இது.
வாய் முந்திக்கொண்டது.

பூமைப் பிடித்து நிறுத்தும் வால்வைப் பிரித்தேன்.
கட்டைவிரல் அளவு முனை,
அது உட்காரும் விளிம்பில் ஒரு துகள்.
நகத்தில் எடுத்து வெயிலில் காட்டினேன்.
கிரானைட். பாலிஷ் போடாமலே மின்னியது.
மலையை அறுக்க வந்த இருபது டன் மெஷினை
அதே மலையின் ஒரு பொடி
ராத்திரிதோறும் நாலு விரல்
இறக்கியிருக்கிறது.

பில்லில் சீல் காசைக் கழித்தேன்.
"மாட்டினது மாட்டினதுதானே" என்றார்.
பழைய சீல் நல்லாத்தான் இருந்தது என்றேன்.
சென்னகேசவன் திரும்பி நின்று
பக்கெட் பல்லை எண்ணத் தொடங்கினார்.

மூன்றாம் நாள் காலை கோடு இருந்தது,
அரை விரல் மட்டும் வாய்ப்பக்கம் நகர்ந்து.
ராத்திரிக் குளிருக்கு எண்ணெய் சுருங்கும்.
அதை இந்தத் தடவை
முந்தின நாளே சொல்லியிருந்தேன்.